‘செட் போய்விட்டது’ என்று சொல்வதற்கு முன்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பழுதுபார்க்க என் மேசைக்கு வரும் ஒயர்லெஸ் செட்கள் பெரும்பாலும் தீர்ப்போடுதான் வருகின்றன: “செட் போய்விட்டது, அண்ணே.” திருவொற்றியூர், மணலி பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளிலிருந்து வரும் வாக்கி டாக்கிகளும் அப்படித்தான். தேர்த் திருவிழாவுக்குத் தொண்டர்களிடம் கொடுத்துத் திரும்ப வாங்கிய கைக்கருவிகளைத் துணிப்பையில் அள்ளிப் போட்டுக் கொண்டுவருகிறவரும் அதையேதான் சொல்வார். திறந்து பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவற்றில் உள்ளே ஒரு குறையும் இருக்காது. கோளாறு வேறெங்கோ இருக்கும். ஆண்டெனாவுக்குப் போகும் கேபிளில் இருக்கும். மின்சாரம் கொண்டுவரும் ஒயரில் இருக்கும். யாரோ விளையாட்டாக மாற்றிவிட்டுப் போன சேனல் அமைப்பில் இருக்கும். பேசுகிறவரின் கட்டைவிரலில்கூட இருக்கும்.

செட்டை மாற்றினால் இவற்றில் எதுவும் மாறாது. புதுச் செட் வாங்கி மாட்டி, இரண்டு வாரம் நன்றாகப் பேசிவிட்டு, மறுபடி அதே புகாரோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வாரம் மட்டும் எப்படிப் பேசியது? பழைய செட்டைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது கனெக்டரில் படிந்திருந்த களிம்பு கொஞ்சம் உரசிப் போயிருக்கும். அவ்வளவுதான். பழைய செட்டையே ஒருமுறை கழற்றி மாட்டியிருந்தாலும் அதே இரண்டு வாரம் கிடைத்திருக்கும்.

வட சென்னையில் இந்தக் கருவிக்கு வாய்த்த பகை இரண்டு. ஒன்று உப்புக்காற்று. மற்றொன்று இரும்பு. ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடலோரமாகவே போகும் சாலையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அடுக்கி வைத்த கன்டெய்னர்கள், எண்ணெய்த் தொட்டிகள், நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர்கள், கிரேன்கள் என்று கண்ணுக்கு எட்டிய வரை அலையை மறிக்கும் பொருள்கள்தான். செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று மின்சாரம் போய், டவர்களும் ஊமையான பொழுதை நினைத்துக்கொள்ளலாம். கடலுக்குள் போகிறவருக்குப் புயலே வேண்டியதில்லை. கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் செல்போன் வெறும் கைவிளக்கு.

யாராவது செட்டைக் கொண்டுவந்தால் திருப்புளியைத் தொடுவதற்கு முன் நான் கேட்பது இதைத்தான்: உங்களுக்குக் கேட்கவில்லையா? நீங்கள் பேசுவது அவர்களுக்குப் போகவில்லையா? போகிறது, ஆனால் புரியவில்லையா? மூன்றும் மூன்று நோய்கள். கேட்பதற்கும் பேசுவதற்கும் ஆண்டெனா ஒன்றுதான், கேபிளும் ஒன்றுதான். ஆனால் கேட்கும்போது செட் குடிக்கும் மின்சாரம் மிகக் கொஞ்சம். பேசும் பொத்தானை அழுத்தும்போதுதான் அது மூச்சைப் பிடித்து உழைக்கிறது. ஆகவே நன்றாகக் கேட்கும் செட், பேசினால் மட்டும் போகவில்லை என்றால் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல் விழ வேண்டும், அடுத்தது ஆண்டெனா மேல். இரைச்சல்கூட வராமல் செத்துக் கிடந்தால் வால்யூம், ஸ்பீக்கர், ஸ்குவல்ச் மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஸ்குவல்ச் என்பது ஒரு வாயிற்காவலன். பேச்சு வராத நேரத்து இரைச்சலை உள்ளே விடாமல் தடுப்பது அவன் வேலை. இரைச்சல் தொல்லை தாங்காமல் அந்தத் திருகை முழுக்கத் திருப்பி வைத்துவிடுகிறவர்கள் பலர். அப்போது காவலன் இரைச்சலோடு தூரத்திலிருந்து மெலிந்து வரும் குரலையும் வெளியே நிறுத்திவிடுவான். ஸ்குவல்ச்சை முழுக்கத் திறந்தால் ‘சோ’வென்று இரைச்சல் வரவேண்டும், வந்தால் செட்டின் காது உயிரோடு இருக்கிறது. பிறகு மெல்லத் திருப்பி, இரைச்சல் அடங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தினால் போதும்.

அடுத்த வழி, நன்றாக வேலை செய்யும் ஒன்றைக் கடன் வாங்கி மாற்றிப் பார்ப்பது. பக்கத்துப் படகின் செட்டை நம் ஆண்டெனாவில் மாட்டிப் பார்த்தால் குற்றவாளி செட்டா மற்றதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். செட், கேபிள், பேட்டரி மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தால், மூன்றில் எது கெட்டது என்பது கடைசி வரை தெரியாது. மேலும், இரண்டு வாக்கி டாக்கிகளை ஒரே அறையில் வைத்துச் சோதிக்காதீர்கள். ஒன்றின் ஒலி மற்றதன் மைக்கில் புகுந்து ஊளையிடும். அருகிலிருந்து பாயும் அலையில் கேட்கும் கருவி திணறிப்போகும். இரண்டும் நல்ல நிலையில் இருந்தாலும் கெட்டவைபோலவே தோன்றும். ஒருவர் தெரு முனைக்குப் போய்விட வேண்டும்.

இனி ஒரு படகுக் கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குப் பழுதுபார்க்கும் காலமும் அதுதான். ஒரு மே மாத வெயிலில் ஒரு படகின் டிரைவர் என்னைக் கூட்டிப் போனார். வயது முப்பதுக்குள் இருக்கும். “பக்கத்துப் படகுகளோடு பேச முடிகிறது, அண்ணே. கரைக்குப் போகவில்லை. இருபத்தைந்து வாட்டுக்கு மேல் செட் ஏதாவது கிடைக்குமா?” என்றார்.

படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸில் பொருத்தியிருந்தது நல்ல 25 வாட் செட். பேட்டரி கீழே எஞ்சின் அறையில். அங்கிருந்து செட் வரை வளைந்து நெளிந்து வரும் ஒயர் சுமார் பத்து மீட்டர். அதுவும் விளக்குக்குப் போடுகிற ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயர். செட்டின் மின்முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட். “பொத்தானை அழுத்துங்கள்” என்றேன். முள் விழுவதுபோல் எண் விழுந்தது: 10.2.

இதில் மாயம் ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடக் கணக்குதான். 25 வாட்டில் பேசும்போது செட் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். போக பத்து மீட்டர், வர பத்து மீட்டர், ஆக இருபது மீட்டர் செம்பு. ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனில் அதன் மின்தடை சுமார் 0.35 ஓம். ஆறால் பெருக்கினால் 2.1 வோல்ட் ஒயரிலேயே சூடாகிப் போகிறது. இந்த வகைச் செட்கள் 13.6 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. அதிலிருந்து 15 விழுக்காடு குறைந்தால், அதாவது 11.6 வோல்ட்டுக்குக் கீழே போனால், சொன்ன சக்தியைத் தரும் பொறுப்பு அவற்றுக்கு இல்லை. அதே தூரத்துக்கு நான்கு சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால் இழப்பு அரை வோல்ட்தான். ஃபியூஸ் பிடிப்பானைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு. திறந்தால் உள்ளே பச்சை.

பிறகு கம்பத்தில் ஏறினேன். ஆண்டெனாவின் அடியில் கனெக்டரைச் சுற்றிச் சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப். வெயிலில் வறண்டு, அப்பளம்போல் நொறுங்கியது. கனெக்டரைத் திருகிக் கழற்றியதும் அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. கத்தியால் கேபிளின் மேல்தோலைக் கீறிக்கொண்டே போனேன். முதல் சாணில் செம்புப் பின்னல் முழுக்கக் களிம்பேறிப் பச்சை. அடுத்த சாணில் கறுப்பு. ஒன்றரை மீட்டர் கீழே வந்த பிறகுதான் செம்பு செம்பாக இருந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அந்தப் பின்னலில் உப்புநீர் இழை இழையாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதே கேபிளை மல்டிமீட்டர் வைத்து முன்பு ஒருவர் பார்த்து, “தொடர்பு இருக்கிறது, நல்ல கேபிள்” என்று சான்றும் கொடுத்திருந்தார். அவர் சொன்னது பொய் இல்லை. பேட்டரி மின்சாரம் பத்து இழையில் ஒன்று மீந்திருந்தாலும் அதன் வழியே போய்விடும். ரேடியோ அலைக்கு அது போதாது. அந்த அலை உலோகத்தின் மேல்தோலில் மட்டும் ஓடுவது. களிம்பேறிய தோலில் தடுக்கித் தடுக்கி, நனைந்த உறைக்குள் சூடாகிக் கரைந்துவிடும். நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் கேபிள் ஷார்ட் என்று முடிவுகட்டுவதும் தவறு. சிலவகை ஆண்டெனாக்கள் உள்ளேயே அப்படி இணைக்கப்பட்டவை. கேபிளை ஆண்டெனாவிலிருந்து கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

இந்த வேலைக்கு உரிய கருவி எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர். செட் அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து எதிரொலித்துத் திரும்பி வருகிறது என்று காட்டும். 1.5 என்றால் 4 விழுக்காடு திரும்புகிறது, கவலை இல்லை. 3 என்றால் கால் பங்கு திரும்புகிறது. திரும்பி வரும் சக்தி தன்னைச் சுட்டுவிடாமல் இருக்க, நல்ல செட் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். அதைத்தான் நாம் ‘செட் போய்விட்டது’ என்கிறோம். ஆனால் நீளமான, கெட்டுப்போன கேபிளில் திரும்பும் அலையும் வழியிலேயே கரைந்துவிடும். செட் பக்கத்தில் மீட்டர் அழகான எண்ணைக் காட்டி ஏமாற்றும். சந்தேகம் வந்தால் மீட்டரை ஆண்டெனா பக்கத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

புதுக் கேபிள் வாங்கும்போதும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிவிடக் கூடாது. எளிதில் கிடைக்கும் மெல்லிய ஆர்.ஜி.58, படகுகள் பேசும் 156 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் விழுங்கும். பத்து மீட்டர் போட்டால் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே காலி. அதுவும் புதிதாக, ஈரம் படாமல் இருக்கும்போது. சுண்டுவிரல் தடிமனுள்ள ஆர்.ஜி.213 விலை கூடுதல்தான். இழப்பு அதில் பாதிக்கும் குறைவு. கனெக்டரை நன்றாக ஈயம் வைத்துப் பற்றி, இழுத்துச் சுற்றினால் தானாக ஒட்டிக்கொண்டு ஒரே ரப்பராகிவிடும் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓடு வேய்வதுபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் ஏறியிருந்தால் மழைநீர் வழிந்து போய்விடும். வீல்ஹவுஸுக்குள் நுழையும் முன் கேபிளைச் சற்றுத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது.

அவர் கேட்ட ‘அதிக வாட்’ விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆசை எல்லோருக்கும் உண்டு, அதை ஊட்டி வளர்க்கிற விற்பனையாளர்களும் உண்டு. இந்த அதிர்வெண்களில் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. பூமி வளைந்திருக்கிறது. அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்ட படகுக்கு எத்தனை வாட்டில் கத்தினாலும் பெரிய பயன் இல்லை. தூரத்தைத் தீர்மானிப்பது உயரம். ஆண்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, இரண்டுக்கும் தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் எல்லை கிடைக்கும். ஐந்து மீட்டர் உயரத்தில் ஆண்டெனா வைத்த இரண்டு படகுகளுக்கு இடையே இது 18 கி.மீ. இரண்டையும் எட்டு மீட்டராக உயர்த்தினால் 23 கி.மீ. மூன்று மீட்டர் கம்பம் ஐந்து கிலோமீட்டர் தருகிறது. கரையில் முப்பது மீட்டர் உயரத்தில் ஆண்டெனா இருந்தால் ஐந்து மீட்டர் படகோடு 32 கி.மீ. வரை பேசலாம். கையில் வைத்துப் பேசும் இரண்டு வாக்கி டாக்கிகளுக்குக் கடல்மேல் 11 கி.மீ.யே அதிகம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தூரம் மலை உச்சியிலிருந்து மலை உச்சிக்குப் பேசும்போது கிடைப்பது. காசிமேட்டில் மலை ஏது?

கோடைக்காலத்தில் இந்தக் கணக்கைப் பொய்யாக்கும் நாட்களும் வரும். காற்று அடங்கி, கடல்மேல் சூடான காற்றடுக்கு குளிர்ந்த ஈரக்காற்றின் மேல் மூடிபோல் உட்கார்ந்தால் அலை அந்த இடைவெளிக்குள் சிக்கி, குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவிடும். முன்பின் தெரியாத குரல்கள் திடீரென்று நம் சேனலில் தெளிவாகக் கேட்கும். அன்று ஒன்றும் செய்ய வேண்டாம். மறுநாள் போய்விடும்.

கேட்பதில் ‘கொர்’ரென்ற இரைச்சல் கலந்தால் எஞ்சினைத் திட்டுவார்கள். டீசல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி கிடையாது. எனவே பெட்ரோல் வண்டி தரும் ‘டப் டப்’ இரைச்சல் அதிலிருந்து வராது. வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் விசில் சத்தம் என்றால் ஆல்டர்னேட்டர். நிலையான இரைச்சல் என்றால் இப்போதெல்லாம் நான் முதலில் அணைக்கச் சொல்வது எல்.இ.டி. விளக்குகளை. மலிவான விளக்கின் உள்ளேயுள்ள சிறு மின்சுற்று ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தால் திருடன் எங்கே என்று தெரிந்துவிடும்.

கன்டெய்னர் யார்டு வேறு உலகம். அங்கே தூரம் ஒரு பொருட்டே இல்லை. அரை கிலோமீட்டருக்குள் எல்லோரும் இருக்கிறார்கள், ஆனால் நடுவில் ஐந்தடுக்கு இரும்பு. 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வி.எச்.எஃப். திறந்த வெளிக்கும் கடலுக்கும் நல்லது. 400க்கு மேற்பட்ட யு.எச்.எஃப். அலை சிறியது, பெட்டிகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் நுழைந்து, சுவருக்குச் சுவர் மோதித் தெறித்து எப்படியாவது போய்ச் சேரும். படகில் நன்றாக இருக்கிறது என்று யார்டுக்கும் வி.எச்.எஃப். வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்த ஒரு மேலாளரை எனக்குத் தெரியும்.

ஆனால் தெறித்து வரும் அலைகளுக்குள் சண்டையும் உண்டு. நேராக வந்ததும் பெட்டியில் மோதி வந்ததும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அங்கே நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. 450 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 67 செ.மீ.; அதில் கால் பங்கு, ஒரு சாணுக்கும் குறைவான தூரம், நகர்ந்தாலே நிலைமை தலைகீழாக மாறிவிடலாம். குரல் விட்டுவிட்டு வந்தால் அதே இடத்தில் நின்று கத்துவதைவிட ஒரு காலடி தள்ளி நிற்பது மேல். எப்போதும் செத்தே கிடக்கும் மூலைகளுக்கு கேட்டதை வாங்கி உயரத்திலிருந்து திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர்தான் வழி. ரிப்பீட்டர் வைத்த பிறகு வரும் புகார் எப்போதும் ஒன்றுதான்: “மற்றவர்கள் பேசுவது கேட்கிறது, நான் பேசினால் யாரும் பதில் சொல்வதில்லை.” ரிப்பீட்டர் ஓர் அதிர்வெண்ணில் கேட்டு வேறொன்றில் பேசும். கைக்கருவியில் அனுப்பும் அதிர்வெண்ணோ அதைத் திறக்கும் டோனோ தவறாக இருந்தால் கேட்க மட்டும்தான் முடியும்.

டோன் என்பது பேச்சுக்கு அடியில் மெல்லியதாக ஓடும் ஒரு முனகல். 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை இவற்றில் பல உண்டு. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை ஸ்பீக்கருக்குப் போகவிடாமல் செட் வடிகட்டிவிடுவதால் நம் காதுக்கு எட்டாது. ஒரே டோன் உள்ள செட்கள் மட்டும் ஒன்றுக்கொன்று வாய்திறக்கும். இதை ‘ரகசியக் குறி’ என்று நினைப்பவர்கள் ஏராளம். டோனை அணைத்து வைத்திருக்கும் எவரும் நீங்கள் பேசுவதையெல்லாம் கேட்கலாம். இதைவிடப் பெரிய தொல்லை, அடுத்த யார்டு வேறு டோனில் அதே அதிர்வெண்ணைப் பயன்படுத்துவது. உங்கள் செட் அமைதியாக இருக்கும், காலி என்று நினைத்துப் பேசுவீர்கள், இரண்டும் மோதும். இந்தச் செட்கள் பேசும் எஃப்.எம். முறையில் வலுத்தது வெல்லும், மெலிந்தது சுவடில்லாமல் போகும். பேசுவதற்கு முன், டோனைப் பாராமல் எல்லாவற்றையும் கேட்கவிடும் மானிட்டர் பொத்தானை ஒருமுறை அழுத்திக் கேட்பது இதற்காகத்தான்.

இன்னொரு அமைப்புக் கோளாறு பிடிபடவே நேரமாகும். பத்து செட்களில் புதிதாகச் சேர்ந்த ஒன்று மட்டும் கிசுகிசுவென்று பேசும்; அதன் மைக் கெட்டுவிட்டது என்று அனுப்புவார்கள். பழையவை 25 கிலோஹெர்ட்ஸ் சேனல் அகலத்திலும் புதியது 12.5இலும் இருக்கும். குறுகியதில் பேசுவது அகலமானதில் பாதி ஒலியாகக் கேட்கும். மறுபக்கம், அகலமானதில் உரக்கப் பேசினால் குறுகியதில் கிழிந்து உடைந்து கேட்கும். மெனுவில் ஒரே ஒரு வரியை மாற்றினால் வேலை முடிந்தது. படகுச் செட்டில் பொது அழைப்புக்கான 16ஆம் சேனல் கேட்கிறது, வேறு சில சேனல்களில் யாரும் அகப்படவில்லை என்றால் சேனல் பட்டியல் அமெரிக்க முறைக்கு மாறிக்கிடக்கிறதா என்று பாருங்கள். பன்னாட்டு முறைக்குத் திருப்ப வேண்டும். சக்தி 1 வாட்டில் இருக்கிறதா, 25இலா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆபத்து நேரத்துக்கான சிவப்புப் பொத்தான் உள்ள செட்டில் படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணைப் பதித்திருக்க வேண்டும். இந்தியப் படகுகளுக்கு அது 419 என்று தொடங்கும். பதிக்காத செட்டில் அந்தப் பொத்தானை அழுத்தினால் உதவிக்குரல் எங்கும் போகாது. வாங்கி இரண்டாண்டு ஆகியும் அந்த எண் பதிக்கப்படாத செட்களைக் கையில் வாங்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

சேனல் முழுவதும் திடீரென்று ஊமையாகி, எஞ்சின் சத்தமும் யாரோ ஒருவர் மனைவியோடு செல்போனில் பேசும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தால், யாருடைய பொத்தானோ சிக்கிக்கொண்டிருக்கிறது. இடுப்பில் செருகியபடி உட்கார்ந்திருப்பார், மைக்கின் மேல் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டிருப்பார், அல்லது உப்பு படிந்து பொத்தான் மீளாமல் நின்றிருக்கும். அவருக்கு மட்டும் இது தெரியாது. அவரிடம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அனுப்பிக்கொண்டிருக்கும் செட் கேட்காது. ஒரு நிமிடத்தில் தானாக வாயை மூடும் நேர வரம்பு பெரும்பாலான செட்களில் உண்டு. அதை யார்டில் உள்ள எல்லாச் செட்டிலும் போட்டு வைக்க வேண்டும்.

பேட்டரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் முழுக்கட்டம் காட்டி, பொத்தானை அழுத்தியதும் அணைந்தால் பேட்டரி கிழடாகிவிட்டது. பேட்டரியின் பித்தளை முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே சில செட்கள் உயிர்பெறும். உப்பியிருந்தால் அன்றே தூக்கி எறியுங்கள், அதுவும் குப்பைத் தொட்டியில் இல்லாமல் மின்கழிவு எடுப்பவரிடம். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மணலி சுத்திகரிப்பு ஆலை போன்ற எரிவாயு கசியக்கூடிய இடங்களுக்கென்று தீப்பொறி எழாதபடி வடிவமைத்த தனிச் செட்கள் இருக்கின்றன. அவற்றில் மலிவு பேட்டரியைப் போட்டாலும், அந்த எல்லைக்குள் நின்று பேட்டரியைக் கழற்றினாலும் அந்தப் பாதுகாப்பு அத்தனையும் வீண்.

கருவி முழுக்கச் சரியாக இருந்தும் பேச்சு புரியாமல் போவதற்குத் தமிழுக்கென்றே இரண்டு காரணங்கள் உண்டு. பொத்தானை அழுத்தியதும் அலை எழும்பி, அந்தப் பக்கத்து ஸ்குவல்ச் காவலன் கதவைத் திறப்பதற்கு அரை நொடி வரை ஆகலாம். அழுத்திக்கொண்டே பேச ஆரம்பித்தால் முதல் அசை வெட்டுப்படும். இருபது, அறுபது, எழுபது மூன்றும் தலையிழந்தால் எஞ்சுவது ‘பது’ மட்டுமே. நூறும் ஆறும் ‘று’ ஆகிவிடும். எண்ணை இலக்கம் இலக்கமாக, இரண்டு, சுழியம் என்று பிரித்துச் சொன்னால் தப்பலாம்.

இரண்டாவது, இதைவிட ஆபத்து. நம் மொழியில் செய், செய்யாதே என்கிற முடிவு வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. ‘பெட்டியை இறக்க வேண்டும்’, ‘பெட்டியை இறக்க வேண்டாம்’ இரண்டும் கடைசி அசை வரை ஒன்றே. பேச்சில் இன்னும் சுருங்கிவிடும். வாக்கியம் முடிவதற்குள் கட்டைவிரலை எடுக்கும் பழக்கமுள்ள ஒருவர் ‘வேண்டா—’ என்று சொன்னதும், ‘வேண்டு—’ என்று சொன்னதும் கிரேன் அறையின் இரைச்சலில் ஒன்றுபோல்தான் இருக்கும். நான் போகும் யார்டுகளில் இதைச் சொல்லி, மறுப்பைத் தெரிவிக்க ‘வேண்டாம்’ என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள் என்பேன். ‘நிறுத்து’ என்றால் முதல் எழுத்திலேயே வேறுபாடு தெரியும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். மைக்கை மூன்று விரல் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் காற்று அடிக்காது. கத்தினால் ஒலி கூடாது, கிழியத்தான் செய்யும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் வாக்கி டாக்கி பயன்படுத்த 2018ஆம் ஆண்டு விதிகள் திறந்துவிட்டது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு சந்து மட்டுமே, அதுவும் அரை வாட்டுக்குள். படகும் யார்டும் பேசும் மற்ற அதிர்வெண்களுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள அலைவரிசை ஒருங்கிணைப்புப் பிரிவின் உரிமம் வேண்டும். எந்த அதிர்வெண்ணிலும் பேசும்படி திறந்துவிடப்பட்ட மலிவுக் கருவிகளை இணையக் கடைகள் விருப்பம்போல் விற்றதால்தான் 2025இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பி, தனி வழிகாட்டு நெறிகளையும் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட ஒன்று கப்பல்கள் பேசும் சேனலில் போய் உட்கார்ந்தால் துறைமுகத்தில் வருவதும் கோளாறுதான். என்ன, அது அடுத்தவர் செட்டில் தெரியும். 156.8 மெகாஹெர்ட்ஸான 16ஆம் சேனல் அழைப்புக்கும் ஆபத்துக்கும் உரியது. அழைத்ததும் வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும். மீன் விலையை அங்கே பேசினால், உதவி கேட்கும் மெல்லிய குரலை நம் வலுத்த குரல் விழுங்கிவிடும். கரையில் இருப்பவருக்குக் கடலோரக் காவல் படையை அழைக்க 1554 என்ற எண் இருக்கிறது.

அந்தப் படகுக்கு ஒயர், கேபிள், கனெக்டர் மூன்றையும் மாற்றினோம். ஆண்டெனாவை மூன்று மீட்டர் உயர்த்தினோம். பொத்தானை அழுத்திய நிலையில் செட்டில் 11.9 வோல்ட் நின்றது. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன மறுநாள் பிற்பகல், மீனவர் சங்கத்தின் கரைச் செட் அருகே வேறு வேலையாக உட்கார்ந்திருந்தேன். அவர் குரல் வந்தது. இரைச்சலே இல்லை, பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருந்தது.

“—பது பாக ஆழத்தில் வலை விட்டிருக்கிறோம், ஓவர்.”

மைக்கை வாங்கி, ஒரு நொடி காத்திருந்து, “இருபதா, அறுபதா தம்பி? ஓவர்” என்றேன்.

“—மாம் அண்ணே, —பதுதான். ஓவர்.”